இரு விரல்கள்

நெல்லித்தோப்பில் நெல்லிமரத்தை நான் பார்த்ததில்லை. நினைவில் இருப்பவை அங்காடியின் இரைச்சலும், மாதா கோயிலின் மணியோசையும், எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு வெற்றுமனையும்தான். அந்த மனையில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, வலை கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் கைப்பந்து ஆடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

எங்களுக்கு நடுவர் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் குறிப்பிடுவோம். உலகக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1947இல் பாரிசில் பிறந்ததையும், போல் லிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1984 வரை அதன் தலைவராக இருந்ததையும் தம் வீட்டுப் பெருமை போலச் சொல்வார். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததையும், அடுத்த சில வாரங்களில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியக் கைப்பந்து அணி வெள்ளி வென்றதையும் ஒரே மூச்சில் சொல்வார். இரண்டு தேசங்களும் அவருக்குச் சொந்தம்.

அவர் கற்பித்த விதிகள் மூன்று. பந்தைப் பிடிக்கக் கூடாது. ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடக் கூடாது. காலில் படக் கூடாது. விரல்களால் வாங்கிய பந்து சுழன்றுகொண்டே மேலெழுந்தால், இரு கைகளும் ஒரே கணத்தில் தொடவில்லை என்பது அவர் தீர்ப்பு. "சுத்துதுன்னா டபுள்டா. பந்து பொய் சொல்லாது" என்று இரு விரல்களை விரித்து உயர்த்துவார். அதற்கு மேல் வழக்கு கிடையாது. நாங்களும் கேட்டதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் துறைகளுக்கு இடையிலான மாணவியர் போட்டிக்கு என்னை நடுவராக நிற்கச் சொன்னார்கள். சிறுவயதில் ஆடியவன் என்று எப்போதோ சொன்னது வினையாகிவிட்டது. இறுதி ஆட்டம் மூன்றாவது செட் வரை போயிற்று. பதினான்குக்குப் பதின்மூன்று. முன்னணியில் இருந்தவர்கள் ஓங்கி ஸ்மாஷ் அடித்தார்கள். எதிர்ப்பக்கம் பின்வரிசையில் நின்ற முதலாண்டு மாணவி, முன்கைகளைத் தாழ்த்த நேரமில்லாமல், முகத்துக்கு நேராக விரல்களை விரித்து அதை வாங்கினாள். பந்து இடக்கையில் பட்டு, வலக்கையில் பட்டு, சுழன்றுகொண்டே உயர்ந்தது. அவளுடைய தோழி அதற்கடியில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

நான் விசில் ஊதினேன். இரு விரல்களை உயர்த்தினேன். ஆட்டம் முடிந்தது. அந்தப் பெண் ஒரு முறை என்னைப் பார்த்தாள். பின் தலைகுனிந்து நடந்தாள்.

மாலையில் உடற்கல்வி ஆசிரியர் தயக்கத்தோடு, "ஐயா, அது ஃபர்ஸ்ட் டச் இல்லையா?" என்றார். விதிநூலையும் கையில் கொடுத்தார்.

அன்றிரவு ஒன்பதாம் விதியை ஒரு நூற்பாவைப் படிப்பதுபோல் படித்தேன். ஓர் அணிக்கு மூன்று தொடுகைகள். வலைத்தடுப்பில் பட்டது கணக்கில் சேராது. எதிரணியிடமிருந்து வரும் பந்தை வாங்கும் முதல் தொடுகையில், ஒரே செயலின் போக்கில் பந்து உடலின் பல பகுதிகளில் அடுத்தடுத்துப் பட்டாலும் குற்றமில்லை. அதே பெண் இரண்டாம் தொடுகையில், தோழிக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும்போது அப்படிச் செய்திருந்தால் அது டபுள். பிடித்து எறிவது எந்தத் தொடுகையிலும் குற்றம். சுழற்சியைப் பற்றி விதிநூலில் ஒரு சொல்லும் இல்லை. காலில் படுவது 1995 முதலே குற்றமில்லை. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் 2024 முதல் இரண்டாம் தொடுகைக்கும் சலுகை கொடுத்துவிட்டார்கள், பந்து தம் அணிக்குள்ளேயே இருக்கும் வரையில்.

தாய் தன் மகளைக் கொஞ்சும்போது 'வாடா ராசா' என்கிறாள். இலக்கணப்படி அது பால்வழு. ஆனால் உவப்பினால் வந்தது என்பதால் அதை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறோம். முதல் தொடுகையின் சலுகையும் வழுவமைதியே. தன்மேல் பாய்ந்து வரும் பந்தை ஒருத்தி தேர்ந்தெடுப்பதில்லை. அவள் தடுமாற்றத்துக்கு விதி இடம் கொடுக்கிறது. தானே ஆயத்தமாகி நின்று கொடுக்கும் பந்துக்குத்தான் செம்மை கேட்கிறது. காலத்தோடு இலக்கணம் மாறுவது குற்றமல்ல என்று நன்னூலே ஒப்புக்கொள்வதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குபவன் நான். விசிலை வாயில் வைத்தபோது அது நினைவுக்கு வரவில்லை. சொல்தா தாத்தாவின் விரல்கள் மட்டுமே வந்தன.

மறுநாள் அந்த மாணவியை வராந்தாவில் நிறுத்தி, "நான் ஊதியது தவறம்மா" என்றேன். அவள் வியப்படையவில்லை.

"தெரியும் ஐயா" என்றாள். "ஸ்கூல்லயே சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"பின் ஏன் கேட்கவில்லை?"

"ஐயா ஊதின பிறகு என்ன கேக்கிறது?"

மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் என்னை வருத்தியது. விதி தெரியாமல் நான் தவறியது ஒரு பிழை. விதி தெரிந்த பெண், எதிரில் நிற்பவர் ஆசிரியர் என்பதற்காகவே வாய்மூடிப் போனாளே, அந்தப் பிழையில் என் பங்கு எவ்வளவு? இருபது ஆண்டுகளாக விடைத்தாள்களில் சிவப்பு மையால் நான் சுழித்த சொற்களில் எத்தனை சரியானவை? அவற்றை எழுதியவர்களும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். கையெழுத்திட்ட ஆட்டத்தாளைத் திருத்த வழியில்லை. தவறு என்னுடையது என்று இரு துறை மாணவியரிடமும் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தாத்தாவின் மேல் எனக்குக் குறையில்லை. அவர் காலத்து விதியை அவர் நேர்மையாகச் சொன்னார். அதை முப்பது ஆண்டுகள் புரட்டிப் பாராமல் வைத்திருந்தவன் நான்.

அடுத்த ஆண்டும் என்னையே நடுவராக அழைத்தார்கள். ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவியரையும் கூப்பிட்டு, "நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு விதிப்படியே உண்டு, கேளுங்கள்" என்றேன். முதல் செட்டிலேயே ஒருத்தி வந்தாள். "ஐயா, இது எப்படி ஃபவுல்?" என்றாள். பந்து கையில் ஒரு கணம் தங்கியது, அது ஹோல்டிங் என்று விளக்கினேன். அவள் யோசித்துத் தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அந்த முறை நான் ஊதியது சரிதான். ஆனாலும் அவள் கேட்டதற்காக மகிழ்ந்தேன்.