படுவான்கரைக்கு ஒரு பயணம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். கதிரவன் எழும் திசையும் படும் திசையுமே இப்பெயர்களுக்குக் காரணம். எழுவான்கரையில் பெருந்தெருவும் சந்தைகளும் நெருங்கிய ஊர்களும் உள. படுவான்கரையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வயல்களே. பாடும் மீன்களைத் தேடிக் கல்லடிப் பாலத்துக்கு வருவோர் அக்கரைக்குச் செல்வது அரிது. களுவாஞ்சிகுடியிற் பிறந்து வளர்ந்த நானும் அவ்வாறே இருந்தேன் என்பதைக் கூற நாணுகின்றேன்.

2023 ஆம் ஆண்டு தை மாத இறுதியில் அம்மப்பாவும் அம்மம்மாவும் மண்டூருக்குப் புறப்பட்டனர். துணையாக நானும் சென்றேன். அம்மம்மாவின் சீதனக் காணியான இரண்டு ஏக்கர் வயலை விற்பதா என்பதை முடிவு செய்தல் வேண்டும். என் தங்கைக்கெனத் தொடங்கிய வீடு சுவர் மட்டத்தோடு நின்றுபோயிருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடித்தல் எங்கள் பகுதியின் வழக்கம். காணியை வாங்குவதற்கு ஒருவர் ஆயத்தமாக இருந்தார். கிடைக்கும் பணத்தையும் கூரைச் செலவையும் நான் முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தேன்.

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வாகனத்திலே சென்று, மதியத்துக்குள் திரும்பியிருக்கலாம். அம்மப்பா இணங்கவில்லை. குருமண்வெளித் துறைக்கே அழைத்துச் சென்றார். வாவியைக் கடக்க உதவும் மிதவையை எம்மவர் 'பாதை' என்பர். அது வரும்வரை காத்திருந்தோம். நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு, "என்ன அவசரம் மனே? வயல் எங்கயும் போகாது" என்றார்.

பாதை மெல்ல நகர்ந்தது. மணமகனாக இத்துறையைக் கடந்த நாளை அம்மப்பா நினைவுகூர்ந்தார். 1990 ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது, இரு பிள்ளைகளோடும் ஒரு பெட்டியோடும் இதே நீரைக் கடந்து இக்கரைக்கு வந்ததை அம்மம்மா கூறினார். அதன் பின்னர் வயல் பல ஆண்டுகள் பற்றையாகக் கிடந்ததாம்.

சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகனை வணங்கியபின் வயலுக்கு நடந்தோம். முதியவர் இருவரும் வாய்க்கால்தோறும் நின்றனர். இவ்வரம்பு எவருடையது, இம்மருதின் நிழலில் எவர் சோறு உண்டார் என்று ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டனர். அயல் வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு எருமைகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்தில், களத்திலே நெல்லை நெல் என்று சொல்லாது 'பொலி' என்றே சொல்வார்களென அம்மம்மா எனக்குக் கற்பித்தார். கலைப்பீடத்திற் பயிலும் எனக்கு அச்சொல் அன்றுவரை தெரியாது.

வரம்பில் அமர்ந்தபின் அம்மப்பா, "உன்ட காணி, நீதான் சொல்லணும்" என்றார். அவர் அந்நிலத்தில் முப்பது போகத்துக்கு மேல் உழைத்தவர். எனினும் அதற்குமேல் ஒரு சொல்லும் கூறவில்லை.

அம்மம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "விக்க வேணாம். என்ட அம்மா எனக்குத் தந்த மாதிரி, பேத்திக்கே எழுதுவம்" என்றார்.

என் கணக்கு அங்கேயே முடிந்தது. வீட்டுக்குக் கூரை போட மேலும் ஓராண்டு சென்றது. தங்கையின் திருமணமும் அதனாற் பிந்தியது. அவ்வருத்தத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், அன்று நாம் விரைந்து சென்றிருந்தால் விலையை மட்டுமே பேசித் திரும்பியிருப்போம். இப்போது மாரிப் போகத்துக்கு அவ்வயலில் விதைக்கும் நாளன்று தங்கையோடு நானும் செல்கின்றேன்.