கல்வராயன் மலைக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கு

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயப்பாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறும்போது, பையில் இருக்கிற ஒவ்வொரு 100 கிராமும் தொடையில் தெரியும். அதனால்தான் காற்றடைக்கும் படுக்கை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அரை கிலோவுக்குள் நல்லதே கிடைக்கிறது. சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுதான்.

மார்கழியில் மலைமேல் உள்ள வெள்ளிமலைப் பக்கம் படுத்தால் உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். வெறும் காற்று அதைத் தடுக்காது; உள்ளே சுழன்று சூட்டைத் தரைக்கே கடத்தும். வெப்பத்தைத் திருப்பும் படலமோ செயற்கைப் பஞ்சோ உள்ளே இருக்க வேண்டும். வாங்கும்போது 'ஆர் வேல்யூ', அதாவது சூடு கடக்காமல் தடுக்கும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். நம் மலைக்கு 2 போதும் என்பது என் அனுபவம்.

வாயால் ஊதாதீர்கள்; மூச்சின் ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பம்ப் பையால் நிரப்புங்கள். குளிரில் காற்று சுருங்கும் என்பதால், படுக்குமுன் இன்னொரு தடவை நிரப்புங்கள்.

வேலிக்கருவை முள்தான் பெரிய எதிரி. டார்ச் அடித்து இடத்தைப் பார்த்து, தார்ப்பாய் போட்டு விரியுங்கள். ஓட்டை விழுந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து பேட்ச் ஒட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள், நண்பர்களே: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்காதீர்கள். மலைக் கிராமங்களில் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுப் படுங்கள். குப்பையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.