குழந்தையின் கோபம்

என் மூத்த பையனுக்கு இரண்டு வயது நடக்கும்போது தொண்டை அடைப்பான் வந்து, தொற்று நோய் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தான். 1971ஆம் வருஷம். பெற்ற தாயைக்கூட உள்ளே விடமாட்டார்கள். மாலையில் அரை மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் அவன் அழுத அழுகை தெருவாசல் வரை கேட்டது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. "பழகிட்டான் ஸார், தங்கமான குழந்தை" என்றார் நர்ஸம்மா. எனக்கு எவ்வளவு ஆறுதல்! அன்றிரவே உட்கார்ந்து தொடர்கதைக்கு ஓர் அத்தியாயம் எழுதி முடித்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன்.

பத்தாம் நாள் அழைத்துவரப் போனோம். என் மனைவி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். பையன் அவளை ஒரு தடவை பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் தாவினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டிலும் அதே கதைதான். அவள் ஊட்டினால் சாப்பிட்டான். தூக்கினால் மரக்கட்டை மாதிரி இருந்தான். நாலாம் நாள் நடுராத்திரி எழுந்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தவன் விடியும் வரை விடவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் அவளைக் கிணற்றடிக்குக்கூடத் தனியாகப் போக விடவில்லை.

மனித மனத்தை அறிந்தவன் என்று என்னைச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்த லட்சணத்துக்கு, ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1952லேயே இதைச் சினிமாவாகப் பிடித்துக் காட்டியிருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியின் படம் அது. பிரிந்த குழந்தை முதலில் போராடும்; பிறகு நம்பிக்கை இழந்து அடங்கும்; கடைசியில் பாசத்தையே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றார் அவர். அந்த நடுக் கட்டத்தைத்தான் நாங்கள் 'பழகிவிட்டான்' என்று கொண்டாடினோம். டாக்டர்கள் பலருக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆனாலும் 1959இல் பிரிட்டனில் அரசாங்கக் குழுவே, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தது.

பால் கொடுக்கிறவளிடம் பிள்ளை ஒட்டுகிறது என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்பவர் 1958இல் வெளியிட்ட சோதனையில், குரங்குக் குட்டிகள் பால் தரும் கம்பி பொம்மையை விட்டுவிட்டு, பாலே தராத துணி பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தன. (குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துத்தானா இதைக் கண்டுபிடிக்க வேண்டும்? எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.) 1964இல் கிளாஸ்கோ நகரத்தில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதியவர்களும், சோறு போடுகிறவரைவிட, கூப்பிட்ட குரலுக்கு உடனே ஏன் என்று கேட்கிறவரிடமே பிள்ளை ஒட்டுகிறது என்றார்கள். அப்பாவாகவும் இருக்கலாமாம்.

இதையெல்லாம் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அது சரி, அன்றைக்கு என்னிடம் மட்டும் ஏன் முகத்தைத் திருப்பாமல் வந்தான்?" என்று கேட்டேன்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களைத் தேடியிருந்தாத்தானே உங்க மேல கோபம் வரும்?" என்றாள்.