தோட்டத்தில் ஒலித்த மலாய்ப் பாட்டு

இசைக்கு மொழியில்லை என்பர். அக்கூற்று முழுதும் உண்மையன்று. கேட்கும் செவிக்கு மொழி வேண்டுவதில்லை. பாடும் நாவுக்கோ மொழி வேண்டும். அந்த நா யாருடையது என்ற வினா எழும்போது, எளியதொரு காதற்பாட்டும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றில் இடம்பெற்று விடுகின்றது.

பினாங்கில் தோன்றிய ‘அலிகேட்ஸ்’ இசைக்குழுவை அறியாத மலேசியர் அரியர். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதன் முன்னணிப் பாடகர்கள். ஹாங்காங் இரவு விடுதிகளில் இசைத்துத் திரும்பிய அக்குழு, 1970களின் இறுதியிலிருந்து மலாய்ப் பாடல்களால் புகழ் எய்திற்று. அவற்றுள் ஒன்று ‘ஹிங்கா அக்கிர் நந்தி’. ‘இறுதி வரையில்’ என்பது அத்தலைப்பின் பொருள்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் அந்நாளில் ஆட்சி செலுத்தியவை தமிழகத் திரைப்பாடல்களே. விசுவநாதனும் இளையராசாவும் லயத்து வீடுகளில் நாள்தோறும் குடிபுகுந்தனர். அவற்றினிடையே இம்மலாய்ப் பாட்டு எவ்வாறு நுழைந்தது? மெதுவான நடை, பேச்சில் பழகிய சொற்கள், எவரும் உடன்பாடக்கூடிய மெட்டு ஆகியன காரணங்களே. ஆயினும் அவை மட்டும் போதா.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற தோட்டத்துப் பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்தே முதற்படிவம் ஏற வேண்டியிருந்தது. வகுப்பில் எழுந்து மலாய் பேசத் தயங்கிய நா, பாட்டிலே தயங்கவில்லை. அதனைப் பாடியவன் பெயரிலோ ஆறுமுகம் இருந்தது. பெரட்டுக் களத்தில் தந்தையர் பெயரைக் கூப்பிடும்போது கேட்கும் அதே வகைப் பெயர்! பெயரை மாற்றிக்கொள்ளாமலே ஒரு தமிழன் நாட்டின் மொழியில் நாடு முழுவதையும் கேட்க வைத்தான். அந்த நம்பிக்கையைப் பாடநூல் தரவில்லை, பாட்டுத் தந்தது.

பிறமொழிப் பாட்டில் பிள்ளைகள் மயங்கினால் தமிழ் தேயுமோ என்று முதியோர் அஞ்சியிருப்பின், அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. ஆயினும், மாரியம்மன் திருவிழாவில் தமிழ்ப் பாட்டும் நண்பர் கூட்டத்தில் மலாய்ப் பாட்டும் பாடுவதற்கு ஒரே நா போதுமானதாயிருந்தது. ஒன்று வந்தமையால் மற்றொன்று வெளியேறவில்லை.

தேய்ந்தது வேறொன்று. இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. அங்குப் பிறந்தோர் நகர்ப்புறங்களுக்குச் சிதறினர். 2007இல் லோகநாதனும் மறைந்தார். பாட்டு மட்டும் நிலைத்தது. மலாயர், சீனர், தமிழர் என்னும் வேறுபாடின்றித் திருமண விருந்துகளில் இன்றும் அதனைப் பாடுகின்றனர்.

ஒரு குரலை நாடு ஏற்றுக்கொள்வது வேறு. அக்குரலுக்குரிய மக்களை ஏற்றுக்கொள்வது வேறு. வீட்டையும் நிலத்தையும் எந்தப் பாட்டும் பெற்றுத் தருவதில்லை. எனினும், பால்வெட்டுக் கத்தியோடு வளர்ந்த தலைமுறையொன்று இந்நாட்டின் மொழியைத் தனதென்று துணிந்து உரைக்க அது துணைநின்றது. அப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தோட்டத்து மக்கள் தலைநிமிர்வதன் காரணம் அதுவே.