வேளார் வீட்டு முற்றம்

புதுக்கோட்டைச் சீமையில் ஐயனார் கோயில் காடுகளுக்குள் நுழைந்தவர்கள், மரநிழலில் வரிசை வரிசையாய் நிற்கும் மண்குதிரைகளைக் கண்டு வியக்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். அக்குதிரைகளை உருவாக்கும் வேளார் குடும்பம் ஒன்றின் முற்றத்தில் நெடுநேரம் அமர்ந்து, அவர்கள் தொழில் நடப்பதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

முற்றத்தின் ஒருபுறம் திருவிழாவுக்குரிய குதிரை கழுத்தளவு எழும்பி உலர்ந்துகொண்டிருக்க, மறுபுறம் பெரியவர் ஒருவர் சோற்றுப்பானைக்கு அடி சேர்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடிப்பாகம் கிடையாது. மண் சற்றே இறுகியபின், இடக்கையால் உள்ளே உருண்டைக் கல்லைத் தாங்கி, வலக்கையிலுள்ள பலகையால் வெளியே தட்டத் தட்ட, திறந்திருந்த அடி மெல்ல மெல்லக் கூடி வந்து மூடிக்கொள்கிறது. அவ்வளவு நேரமும் பெரியவர் பலகையைப் பார்க்கவேயில்லை. தட்டும் ஓசையைச் செவியால் தொடர்ந்து, தடிப்பு மிகுந்த இடத்தில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, மெலிந்த இடத்தில் கையை இலேசாக்கிக்கொண்டே போனார்.

குதிரையின் கதை பிடிமண்ணில் தொடங்குகிறது. ஐயனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புத் திருவிழாவை நடத்துவதென்று ஊர் கூடி முடிவு செய்ததும், கோயில் எல்லையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கு தட்சிணையோடு வேளாரிடம் ஒப்படைக்கிறார்கள். அம்மண்ணைக் கண்மாய்க் களிமண்ணோடு சேர்த்து, வெடிக்காமலிருக்க மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்தி, கால்களை முதலில் நிறுத்தி, அவை தாங்கும் பதத்துக்கு உலர்ந்தபின் வயிற்றையும் கழுத்தையும் ஏற்றுகிறார்கள். உள்ளே முழுவதும் வெறுமை. இல்லையேல் சூளையின் வெப்பத்தில் பிளந்துவிடும். வைக்கோலும் வறட்டியும் அடுக்கிச் சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்த பிறகே அது ஐயனாரின் வாகனமாகிறது. பல ஊர்களில் அக்கோயிலின் பூசாரியும் இந்த வேளாரே.

“குதிரை செய்யும்போது விரதம் இருப்பீர்களே, பானை செய்யும்போது எப்படி ஐயா?” என்று கேட்டேன். பலகையை நிறுத்தாமலே அவர் சொன்னார்: “பானையில வேகுற சோத்தைத்தானே தம்பி சாமிக்குப் படைக்கிறாங்க? இதுல மட்டும் கை குறையலாமா?”

1968-ஆம் ஆண்டு கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் பிலடெல்பியா கலைக்கூடத்தில் நடத்திய கண்காட்சி, இந்தியக் கிராமங்களின் இத்தகைய சடங்குக் கலையை மேலைநாட்டு ரசிகர்கள் முன் கௌரவத்தோடு வைத்தது. அங்கே காத்து வைப்பது மரியாதை. இங்கேயோ, ஊர்வலமாய்ச் சுமந்து சென்று கோயிலில் விட்ட குதிரையை மழையும் வெயிலும் சிதைக்க விட்டுவிடுவதே மரியாதை. அடுத்த புரவி எடுப்புக்குப் புதிய பிடிமண் உண்டு, வனைய வேளாரும் உண்டு என்ற நம்பிக்கையே அந்தத் தாராளத்துக்கு ஆதாரம்.

அந்த ஆதாரம் இன்று தளர்ந்துவருகிறது. அலுமினியமும் எவர்சில்வரும் அடுக்களையைப் பிடித்துக்கொண்டன. சில கோயில்களில் சிமெண்டுக் குதிரைகளும் எழுந்துவிட்டன. ஆண்டில் சில நாட்கள் மட்டும் குதிரை செய்து ஒரு குடும்பம் பிழைக்க இயலாது. பிழைத்தாலும், தடிப்பையும் மெலிவையும் ஓசையால் அறியும் அந்தச் செவி, நித்தியமும் பானை தட்டிப் பழகியதனால் வாய்த்ததேயன்றி, திருவிழாவுக்குத் திருவிழா வந்து வாய்ப்பதன்று. தெய்விகம் ஒருபுறம், லௌகிகம் ஒருபுறம் என்று நாம் பிரித்துவைத்துப் பேசுகிறோம். வேளார் வீட்டிலோ தெய்வத்தின் வாகனத்தை இதுகாறும் தாங்கி வந்தது சோற்றுப்பானைதான். ஆகையால் ஐயனாருக்குக் குதிரை வேண்டும் என்று விரும்புகிறவர்கள், தைப் பொங்கலுக்கு மட்டுமல்ல, அன்றாடம் குழம்பு கொதிக்கவும் ஒரு மண்சட்டி வாங்க வேண்டும். அதுவும் ஐயனாருக்குச் செய்யும் கைங்கரியமே.