இரண்டாம் கியரில் இறங்கும் வீதி

அம்பிட்டியவில் ஓட்டோ ஓட்டுகிறவர் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை, கியரை நம்பி இறங்குகிறார். இடது கைப்பிடியைத் திருகி இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை முழுதாக விட்டுவிட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் கடைசி நேரத்துக்குத்தான். நியூட்ரலில் உருட்டினால் பெற்றோல் மிச்சம் என்று புதிதாக வரும் பையன்கள் நினைக்கிறார்கள். மழை பெய்து, வீதியோரம் பாசி ஊறிக் கிடக்கும் நாளில் அந்த மிச்சத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதை ஓட்டோ நிறுத்துமிடமான பார்க்கில் இருக்கும் மூத்தவர்கள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கண்டி ஏரியைச் சுற்றிக் கிழக்குப் பக்கமாகப் போய், தலாத்துஓயாவை நோக்கி ஏறும் வீதியில் சில கிலோமீற்றரில் அம்பிட்டிய வந்துவிடும். டாக்ஸி கம்பனிகளின் தொழில் எப்படி நடக்கிறது என்று எழுத நினைத்தபோது கொழும்பு அலுவலகங்களுக்குப் போகாமல் இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. கொழும்பு சமதரை. அங்கே ஒரு கிலோமீற்றர் என்றால் எந்தத் திசையிலும் ஒரு கிலோமீற்றர்தான். இங்கே ஏறுவது ஒரு வேலை, இறங்குவது வேறொரு வேலை.

இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். இவ்வளவு வண்டிகள் இருந்தும் 2015 வரை ஓட்டோ என்பது சந்தியில் நின்று கைகாட்டிப் பிடிக்கிற, பேரம் பேசி ஏறுகிற வாகனமாகவே இருந்தது. கங்காரு கெப்ஸ் போன்ற கம்பனிகளுக்கு போன் எடுத்து வாகனம் அழைப்பது பெரும்பாலும் கொழும்புக்காரர் பழக்கம். 2015இல், போனில் ஆப் வழியாக வாகனம் அழைக்கும் பிக்மி வந்தது. டிஜிட்டல் மொபிலிட்டி சொல்யூஷன்ஸ் லங்கா என்பது அதன் கம்பனிப் பெயர். அதே ஆண்டு டிசம்பரில் ஊபரும் கொழும்பில் இறங்கியது. உள்ளூரில் பிறந்த பிக்மி ஓட்டோவைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, பார்சல், லொறி என்று விரிந்தது, 2024இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுக் கொழும்பு பங்குச் சந்தையிலும் ஏறியது. நம் நாட்டில் தொடங்கிய ஒரு தொழில்நுட்பக் கம்பனி அந்த இடத்துக்குப் போனதில் எனக்கு உண்மையான சந்தோஷம் உண்டு. ஆனால் பங்கு வாங்குகிறவர் கையில் கிடைக்கும் அறிக்கையில் மேட்டுக்கு ஒரு வரியும் இராது.

“சேர், ஆப்புல தூரம் தெரியுது. மேடு தெரியாது” என்றார் பார்க்கில் நான் அதிகம் பேசிக்கொண்டிருந்த அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் சொன்ன கணக்கு இதுதான். டவுனிலிருந்து மூன்று பேரும் ஓர் அரிசி மூட்டையும் ஏறினால், அம்பிட்டியவின் பிரதான வீதிவரை இரண்டாம் கியர் தாங்கும். அதைவிட்டுக் கிளை ஒழுங்கைக்குள் திரும்பியதும் முதல் கியர். வளைவில் எதிரே ஒரு வேன் வந்தால் நிற்க வேண்டும், நின்றால் அரைக் கிளச்சில் மறுபடி எடுக்க வேண்டும். கிளச் பிளேட் தேய்வது அங்கேதான். இஞ்சின் சுமார் இருநூறு சிசிதான், அதைக் கொண்டுதான் இந்த மலை ஏற வேண்டும். ஆசனத்துக்கு அடியில் ஒரு கிளச் கேபிளும் ஒரு கியர் கேபிளும் எப்போதும் சுருட்டி வைத்திருக்கிறார். இறக்கிவிட்ட பிறகு அந்த ஒழுங்கையிலிருந்து திரும்பி வர ஹயர் கிடைக்காது. வெறும் வண்டியாக வர வேண்டும். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கணக்கிடும் கட்டணத்தில் அந்த வெறும் திரும்பல் சேர்வதில்லை.

பணம் எப்படி நடமாடுகிறது என்பதையும் அவரே விளக்கினார். பயணி பெரும்பாலும் கையில் காசாகத்தான் கொடுக்கிறார். ஆகவே கம்பனிக்குரிய கொமிஷன் சாரதியின் கணக்கில் கடனாக ஏறும். அது ஓர் அளவைத் தாண்டினால் ஹயர் வராது. போய்க் காசு கட்ட வேண்டும். மாதக் கடைசியில் லீசிங் தவணையும் இந்தக் கடனும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தால் வீட்டுச் செலவுதான் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

ஓடும் வழியையும் மலை மட்டும் தீர்மானிப்பதில்லை. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. கிழக்கிலிருந்து வரும் வாகனம் ஏரியின் மறுகரையைச் சுற்றித்தான் நகருக்குள் நுழைய வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் அந்தக் கரை முழுக்க வாகனம் நிற்கும். கண்டி மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போல இருப்பதால் புகை மேலெழுந்து கலையாமல் உள்ளேயே நிற்கிறது. நகரத்தின் காற்று கெட்டுவிட்டதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது ஒரு நல்ல காரியம். ஆனாலும் அந்த வரிசையில் நாள் முழுக்க, கண்ணாடி மூடாத வண்டியில் உட்கார்ந்து அந்தக் காற்றை இழுக்கிறவர் யார் என்று கேட்டால், பதில் இந்த பார்க்கில்தான் இருக்கிறது.

அம்பிட்டியவை உலகம் அறிந்தது வேறொரு காரணத்துக்காக. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக ஒரு குருமடத்தை இங்கே நிறுவினார். 1955இல் அது பூனாவுக்கு மாறிப்போனது. இன்று அதே வளாகத்தில் இலங்கையின் தேசியக் குருமடம் நடக்கிறது. பார்க்கில் நின்ற வண்டிகளில் அநேகம் பஜாஜ், அந்தக் கம்பனியின் தலைமையகம் பூனா. இங்கிருந்து அங்கே குருமாணவர் போனார்கள், அங்கிருந்து இங்கே வண்டி வந்தது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் குருமடத்து ஹயர்களை நினைத்துக்கொண்டார். விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்கள் பெட்டிகளோடு ஸ்டேஷனுக்கு இறங்குவார்கள், விலை பேச மாட்டார்கள், நேரம் மட்டும் தப்பக்கூடாது.

இப்படிப்பட்ட தெரிந்த ஹயர்கள்தான் உண்மையில் இவர்களுடைய அடுப்பை எரிக்கின்றன. காலையில் மாதக் கணக்கில் பேசிய பாடசாலைப் பிள்ளைகள், கிளினிக் நாளில் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகும் வயதானவர்கள். நடக்க முடியாத ஓர் அம்மாவை வீட்டுப் படியிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றி, துண்டு எடுக்கும் வரிசைவரை கொண்டுபோய் விட்டு, மருந்து வாங்கும்வரை வெளியே நின்று திரும்பக் கூட்டிவருவதை நேரில் பார்த்தேன். இதற்கு ஆப்பில் இடம் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அந்த நட்சத்திரத்தைப் போடுகிற பயணிக்கும் வளைவில் எந்தக் கியரால் தன் உயிர் காக்கப்பட்டது என்று தெரியாது.

2022ஐப் பற்றிப் பேசாமல் எந்தச் சாரதியும் என்னை விடவில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் அடுத்த ஜூன் கடைசியில் 470 ரூபாய். விலையாவது பரவாயில்லை, பெற்றோலே இல்லை. பெற்றோல் செட் வாசலில் வண்டியை வரிசையில் விட்டு, வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள். ஒருவர் சாப்பிடப் போனால் பின்னால் நிற்பவர் வண்டியைத் தள்ளி நகர்த்துவார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் ஒருவர் சோற்றை மற்றவர் பகிர்ந்த நாட்கள் அவை. ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் ஐந்து லீற்றர். இந்த மேட்டில் அது ஒரு நாள் ஓட்டத்துக்கே காணாது. அந்த நேரத்தில் ஆப்பை மூடி வைத்துவிட்டு, கிளினிக் போகிறவர்களுக்கு மட்டும் ஓடியதாக அண்ணன் சொன்னார். “ஐஞ்சு லீற்றர யாருக்குக் குடுக்கிறதுன்னு நாங்கதானே முடிவெடுக்கணும்.” 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டியின் விலையும் இலட்சக்கணக்கில் ஏறியது. விற்றுவிட்டுப் போகலாம் என்ற ஆசை பலருக்கு வந்திருக்கிறது. போனவர்கள் உண்டு, கட்டாருக்கு, குவைத்துக்கு.

கம்பனிகளை இவர்கள் வெறுக்கவில்லை. கட்டணம் முன்கூட்டியே தெரிவதால் சண்டை குறைந்திருக்கிறது என்று எல்லோருமே ஒத்துக்கொள்கிறார்கள். இரவில் தனியாக வரும் பெண்கள் பயமில்லாமல் ஏறுகிறார்கள், வெளிநாட்டவரிடம் மூன்று மடங்கு கேட்கும் கெட்ட பெயர் கொஞ்சம் கழுவப்பட்டிருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கணினி வரைபடத்தில் உயரக் கோடுகள் இருக்கின்றன, ஏற்றத்தைக் கணக்கிடுவது அதற்குக் கடினமான காரியமல்ல. கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற மலைநகரங்களுக்கு ஏற்றமும் வெறும் திரும்பலும் சேர்ந்த ஒரு கட்டணத்தை வகுக்கட்டும்.

பார்க்குக்கும் ஆப்புக்கும் உள்ள தகராறு நாடெங்கும் பேசப்படுவது. உல்லாசப் பயணிகள் வரும் ஊர்களில் அது கைகலப்புவரை போயிருக்கிறது. இந்த பார்க் அதைத் தானே தீர்த்துக்கொண்ட விதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். இங்கே முதலில் வந்தவருக்கு முதல் ஹயர் என்ற வரிசை இருக்கிறது. ஆப் வந்தபோது, வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு ஹயர் விழுந்தது. முன்னால் நின்றவர்கள் கொதித்தார்கள். நானா ஒருவரும் சிங்களச் சகோதரர் ஒருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முறை கட்டினார்கள். ஆப் ஹயர் எடுக்கலாம், ஆனால் எடுத்தவர் திரும்பி வந்ததும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சந்தியில் நின்று கைகாட்டுகிற வயதானவர் எப்போதும் வரிசையின் முதல் வண்டிக்கு உரியவர், அவரை விட்டுவிட்டு ஆப் ஹயருக்கு ஓடினால் அன்று முழுக்க பார்க்கில் நிற்க முடியாது. நான் அங்கிருந்தபோது ஒரு பையன் அப்படி ஓடப் பார்த்தான். “மல்லி” என்று ஒரே ஒரு குரல் கேட்டது. அவன் போனை அணைத்துவிட்டு, குடையோடு நின்ற அம்மாவின் பையை வாங்கி வண்டிக்குள் வைத்தான்.