கரை திரும்ப ஒரு பேட்டரி

மஹல் மொழிக் கதைகளைப் பதிவு செய்ய மினிக்காய் சென்றிருந்தேன். ஒரு மாலை, பவளப்பாறை சூழ்ந்த காயலில், தம் சிறு படகிலேயே அமர்ந்து முதியவர் ஒருவர் கதை சொன்னார். என் மடிக்கணினியும் விளக்கும் மூன்று மணி நேரம் படகின் ஒரே பேட்டரியில் இயங்கின. இருட்டியபின் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை முனகி அடங்கியது. வேறொரு படகு வந்து எங்களை இழுத்துச் சென்றது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அதுவே உறுத்தியது.

உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, கொச்சியிலிருந்து கப்பலில் இரண்டாவது பேட்டரியை வரவழைத்தேன். எஞ்சினைக் கிளப்புவது மெல்லிய தகடுகள் கொண்டது. நொடிப்பொழுதில் பெருமின்னோட்டம் தரும். விளக்குக்கு உரியது தடித்த தகடுகள் கொண்டது, நிதானமாகச் செலவாகும். இடையில் ஒரு ரிலே. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இரண்டையும் இணைத்து மின்னேற்றும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும்.

எஞ்சின் பேட்டரியின் மேல் அவர் தானா எழுத்தில், வலமிருந்து இடமாக, ஏதோ எழுதினார். பொருள் கேட்டேன். "வீடு திரும்ப" என்று மலையாளத்தில் சொன்னார்.

இப்போது மடிக்கணினியை மற்றதில்தான் இணைக்கிறேன். கதையும் அவசரமின்றி முடிகிறது.